புயல் எச்சரிக்கையும் விடுமுறைச் சீட்டும்

சென்ற 2025ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி புதன்கிழமையன்று, மலாக்கா நீரிணையில் திரண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெற்று ‘சென்யார்’ என்னும் பெயருடைய வெப்பமண்டலப் புயலாகிவிட்டது என்றும், அது சுமத்ராவைத் தாக்கியபின் கிழக்கே திரும்பி நம் மலேசியத் தீபகற்பத்தை நோக்கி வருகிறது என்றும் செய்தி பரவியபோது, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் நம்மவரிற் பலருக்கு முதலில் உண்டானது அச்சமன்று, ஆச்சரியமே. புயல் என்பது பிலிப்பைன்ஸுக்கும் வங்கக் கடலோரத்துக்கும் வாய்த்த துர்ப்பாக்கியம் என்றும், பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 3 பாகை வடக்கே கிடக்கும் கோலாலம்பூருக்கு வெயிலும் மாலை நேரத்து இடிமழையுமே இயற்கை வகுத்த நியதி என்றும் பூகோளப் பாடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாடம் பொய்யன்று. பூமி தன் அச்சிற் சுழல்வதனால் காற்றுக்கு உண்டாகும் திருப்பம் ரேகையை நெருங்க நெருங்கக் குறைந்து, 5 பாகைக்குள் மிகவும் நலிந்துவிடுகிறபடியால், அங்கே காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்று புயலாகத் திரள்வது மிக அபூர்வம்.

ஆயினும் அது நிகழாமல் இருந்ததில்லை. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சபாவின் கெனிங்காவ் வட்டாரத்தைத் தாக்கிய ‘கிரெக்’ புயலில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, ரேகைக்கு ஒன்றரைப் பாகைக்குள்ளாகவே உருவாகி வானிலை சாஸ்திரிகளைத் திகைக்க வைத்த ‘வாமெய்’ ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. இவ்விரண்டு தேதிகளையும் வாசகர்கள் ஒருகணம் கவனிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளுமாக, பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருக்க, பெற்றோர் விடுப்பெடுத்திருக்க, நாடெங்கும் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கும் கடற்கரைக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் புறப்படும் நாட்கள் அவை. வடகிழக்குப் பருவக்காற்றின் உச்சமும் நம்முடைய உல்லாசப் பிரயாணத்தின் உச்சமும் ஒரே பஞ்சாங்கப் பக்கத்தில் வந்து விழுகின்றன.

‘சென்யார்’ சுமத்ராவில் விளைவித்த நாசத்தைச் சொல்லி முடியாது. மலைகள் சரிந்து, ஆறுகள் ஊர்களைத் துடைத்தெடுத்து, ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அதே வாரத்தில் ‘டித்வா’ என்னும் வேறொரு புயல் இலங்கையிற் புகுந்து, அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தை மண்சரிவுகளால் சிதைத்தது. இரயில்வே உத்தியோகம் பார்க்க வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பேரர்கள் இன்றும் வாழும் பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில், அந்த வாரம் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்திருக்கும். நம் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் 27ஆம் தேதி இரவுக்கும் 28ஆம் தேதி அதிகாலைக்கும் இடையே புயல் ஏறிற்று. வடமாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களில் ஒதுங்கினர். ஆனால் கோலாலம்பூருக்கு அஞ்சிய அளவு கேடு வரவில்லை. அந்தக் ‘கேடு வரவில்லை’ என்பதே ஒரு சிக்கலுக்கு வித்தாகிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

புயல் கரையேறியது வியாழன் இரவு. அதற்கடுத்து வந்தது வார இறுதி. ஆகவே புதனும் வியாழனும், வார இறுதிக்கு எங்கேனும் பிரயாணம் ஏற்பாடு செய்திருந்த வீடுகளில் ஒரே விசாரமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. கெந்திங் மலையில் அறை, பூங்காவுக்கு எட்டுச் சீட்டு, வாடகைக்கு ஒரு வேன், அத்தைக்கும் மாமாவுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்த புறப்பாட்டு நேரம், தொழிற்சாலையில் மன்றாடிப் பெற்ற ஒருநாள் விடுப்பு, இவையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடக்கையில், வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பு ஒன்று அவற்றினூடே வந்து நிற்கிறது. பாட்டி ‘போகவேண்டாம்டா’ என்கிறார். பிள்ளைகள் அழுகின்றன. குடும்பத் தலைவர் கைப்பேசியைப் பார்க்கிறார், பிறகு ஜன்னலைப் பார்க்கிறார், வெளியே வெயிலடிக்கிறது. கடைசியில் நம் வீடுகளில் பெரும்பாலும் எந்த வாக்கியத்தில் விவாதம் முடிவு பெறுகிறதென்றால், ‘பணம் கட்டியாச்சு, போய்த்தான் ஆகணும்’ என்ற வாக்கியத்தில்தான்.

இந்த வாக்கியத்தைச் சொல்பவரை மூடர் என்று இகழ்வது எளிது; பத்திரிகைகளில் ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் அப்படித்தான் இகழ்கிறார்கள். நான் அந்த அபிப்பிராயத்துக்கு உடன்படேன். அவர் ஆபத்தை அறியாதவர் அல்லர். ஆபத்து நிச்சயமில்லாதது, நஷ்டமோ நிச்சயமானது என்று கணக்கிட்டுப் பார்க்கிறவர். கேளிக்கைப் பூங்காக்களும் விடுதிகளும் இக்காலத்தில் சீட்டு விற்கும் முறையே இந்தக் கணக்கை அவர்மேல் சுமத்துகிறது. முன்கூட்டி வாங்கினால் மலிவு, வாசலில் வந்து வாங்கினால் விலை. தேதி குறித்து வாங்கினால் இன்னும் மலிவு. அப்படிக் குறித்த தேதியை மாற்றக்கூடாது, பணம் திரும்பாது என்பது அந்த மலிவுக்கு ஈடான நிபந்தனை. வசதியுள்ளவன் மாற்றத்தக்க சீட்டை அதிக விலை கொடுத்து வாங்குகிறான். புயல் வந்தால் வீட்டிலிருந்து விடுகிறான். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவனோ மலிவான சீட்டைத்தான் வாங்க முடிகிறது. ஆகையால் புயல் நாளன்று மலைப்பாதையில் வண்டியோட்ட வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கே மிகுதியாகிறது. ஆபத்து இவ்வாறு வருமானத்துக்கேற்பப் பங்கிடப்படுவது நியாயமா என்பதே என் கேள்வி.

2021ஆம் ஆண்டு டிசம்பரை நினைவூட்டினால் கேள்வியின் கனம் விளங்கும். அம்மாதம் 16ஆம் தேதியை ஒட்டி, ‘ராய்’ என்னும் பெரும்புயல் பிலிப்பைன்ஸைச் சூறையாடிக்கொண்டிருந்த அதே சமயத்தில், பெயர்கூடச் சூட்டப்படாத ஒரு வெப்பமண்டலக் காற்றழுத்தத் தாழ்வு பகாங் கரையில் ஏறித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது. 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை பெய்யத் தொடங்கிய மழை சனிக்கிழமை முழுதும் ஓயவில்லை. ஒரு மாதத்தில் பெய்யவேண்டியது ஒரே நாளில் கொட்டிற்று என்று அரசாங்கமே பின்னர்க் கூறியது. நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொருட்சேதம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. ஷா ஆலாமில், கிள்ளான் ஆற்றோரத்துத் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைகளின்மேல் ஏறி நின்று இரவைக் கழித்ததையும், அரசாங்கப் படகுகள் வருவதற்குமுன் அண்டை அயலார் ஆளுக்கொரு படகும் மிதவையுமாக வந்து மீட்டதையும், பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் இரவும் பகலும் உணவு சமைத்துப் பொட்டலம் கட்டியதையும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் மறந்தவர் இலர்.

அது பள்ளி விடுமுறைக் காலம். பெருந்தொற்றினால் நெடுநாள் வீட்டில் அடைபட்டுக் கிடந்து, மாநில எல்லைகள் திறந்து சிறிது காலமே ஆகியிருந்த மக்கள், அவ்வாண்டு கண்ட முதல் நீண்ட விடுமுறை. கூட்டரசு நெடுஞ்சாலையிலும் கிள்ளானைச் சுற்றியுள்ள விரைவுச் சாலைகளிலும் வாகனங்கள் நீரில் மூழ்கின. காராக் நெடுஞ்சாலை மண்சரிவால் துண்டிக்கப்பட்டது. பெந்தோங் பக்கத்துத் தெலேமோங்கில் மலையிலிருந்து இறங்கிய பெருக்கு உயிர்களைக் கொண்டுபோயிற்று. வீட்டிலிருந்தவர்களின் துயரம் பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாலையிலே, முன்னே போகவும் பின்னே திரும்பவும் வழியின்றி, பசித்த குழந்தைகளோடு வண்டிக்குள் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அவர்களுள் அவசர காரியமாகப் புறப்பட்டவர்கள் எத்தனை பேர், முன்பணம் கட்டிவிட்ட ஒரே காரணத்தால் புறப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தறிய ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தால், இன்று இக்கட்டுரைக்கு அவசியம் இருந்திராது.

கிள்ளான்வாசிகளுக்கு இன்னொரு சங்கதி தெரியும். கோலாலம்பூர்க்காரர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் பெரும் அலையேற்ற நாட்களில் கடல் 5 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. அவ்வேளையில் ஆறு கடலிற் கலக்க முடியாமல் தேங்கி நிற்கும்; மேற்பகுதியில் கோலாலம்பூரிலும் கோம்பாக்கிலும் பெய்த மழை நீர் அதன் முதுகின்மேல் வந்து சேரும். எனவே மழை நின்று வானம் வெளுத்த பிறகும் கீழ்ப்பகுதியில் வெள்ளம் ஏறுவதுண்டு. மலையில் உல்லாசமாக நாளைக் கழித்துவிட்டு, ‘மழைதான் விட்டுவிட்டதே’ என்று மாலையில் கிள்ளானுக்குத் திரும்பும் குடும்பம், புறப்பட்ட இடத்தில் ஆபத்தின்றி, சேருமிடத்தில் ஆபத்தைச் சந்திக்கிறது. 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கப்பாதை, தலைநகரின் நடுப்பகுதியை வெள்ளத்திலிருந்து பெரிதும் காத்து வருவது உண்மை. பெருமழையில் வாகனங்களை வெளியேற்றிவிட்டு அந்தச் சுரங்கத்திலேயே வெள்ளத்தை விடுகிறார்கள் என்பதும் மெச்சத்தக்க யுக்தி. ஆனால் அதன் பயன் நகரத்து மையத்துக்கே. ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் அத்தகைய சுரங்கம் எதுவும் இல்லை.

மலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், மேகத்துக்குள் நிற்கும் கெந்திங், இந்தப் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு தலைமுறையாகக் குளிர் என்றால் என்னவென்று கற்பித்த இடம். கேஎல் சென்ட்ரலிலிருந்தே பேருந்து ஏறிவிடலாம் என்பதால் பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு அது கொல்லைப்புறத்து மலை. 2022இல் அங்கே புதிய திறந்தவெளிக் கேளிக்கைப் பூங்காவும் வந்துவிட்டது. இடிமின்னல் நெருங்கினால் திறந்தவெளி விளையாட்டுகளையும் கேபிள் காரையும் நிறுத்திவிடுவது இத்தகைய இடங்களில் வழக்கமான ஜாக்கிரதை. அதைக் குறை சொல்வதற்கில்லை. குறை எங்கே என்றால், நுழைவுச் சீட்டின் நிபந்தனையில் ‘வானிலை காரணமாக விளையாட்டுகள் நிறுத்தப்படலாம், கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற ஒரு வரி பல பூங்காக்களில் சிறு எழுத்தில் ஒளிந்திருப்பதில்.

பூங்காவுக்குள்ளே உயிருக்கு ஆபத்து அதிகமில்லை. ஆபத்து பாதையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி கெந்திங் செம்பாவில் மலை இடிந்து சேறும் மரமும் பாறையுமாகச் சாலையின்மேல் இறங்கியதில் 20 பேர் இறந்தனர். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில், பத்தாங்காலியிலிருந்து கெந்திங் செல்லும் சாலையோரத்து முகாம் திடலில், கூடாரமடித்து உறங்கிக்கொண்டிருந்த விடுமுறைக் குடும்பங்களின்மேல் சரிவு விழுந்து 31 உயிர்களைப் புதைத்தது. இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: அந்த இரவில் புயலும் இல்லை, பேய்மழையும் இல்லை. முன்னர்ப் பல நாட்களாகப் பெய்த மழையை மண் குடித்துக் குடித்து, ஒரு கட்டத்தில் தாங்கமாட்டாமல் நழுவிவிட்டது. ஆகவே ‘புயல் நேற்றே போய்விட்டது, இன்று மலைக்குப் போகலாம்’ என்று திட்டத்தை ஒரே நாள் தள்ளிவைப்பது, மலையைப் பொறுத்தவரை, சில சமயம் புயலன்றே போவதைவிட மோசமான யோசனை. ஊறிய மண்ணுக்குச் சில நாள் அவகாசம் கொடுக்கவேண்டும்.

புயலோடு வாழப் பழகிய தேசங்கள் இந்த விஷயத்தை எப்படிக் கையாளுகின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோ நகருக்கருகே 1971இல் திறக்கப்பட்ட டிஸ்னி உலகம், ஆண்டுதோறும் ஜூன் முதல் நவம்பர்வரை சூறாவளிப் பருவத்தில் வியாபாரம் நடத்தவேண்டிய இடம். 1999இல் ‘பிளாய்ட்’ சூறாவளிக்காக முதன்முறையாகக் கதவடைத்த அந்த ஸ்தாபனம், 2024 அக்டோபரில் ‘மில்டன்’ வரை பலமுறை அடைத்துத் திறந்திருக்கிறது. அங்கே ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது: விருந்தினர் வரவேண்டிய நாளுக்கு முந்தைய 7 நாட்களுக்குள், ஓர்லாண்டோ வட்டாரத்துக்கோ அவர் வசிக்கும் ஊருக்கோ தேசியச் சூறாவளி மையம் எச்சரிக்கை விடுத்துவிட்டால், ஸ்தாபனத்திடம் நேரே பதிவு செய்த தங்குமிட ஏற்பாடுகளில் பெரும்பாலானவற்றை அபராதமின்றித் தள்ளிவைக்கலாம் அல்லது ரத்து செய்யலாம். ‘அவர் வசிக்கும் ஊருக்கோ’ என்ற சொற்களை நான் மிகவும் ரசிக்கிறேன். பூங்காவில் வெயிலடித்துக் கொண்டிருக்கலாம். உன் வீட்டு வாசலில் வெள்ளம் வரப்போகிறதென்றால் நீ வரவேண்டியதில்லை என்று ஒரு வியாபார ஸ்தாபனம் எழுதிக் கொடுத்திருப்பது, தர்ம சிந்தனையால் அன்று, நீண்டகால லாபக் கணக்கால்தான் என்றே வைத்துக்கொண்டாலும், பாராட்டத்தக்கது.

ஹாங்காங்கில் காரியம் இன்னும் சுலபம். வானிலைக் கூடம் 8ஆம் எண் சமிக்ஞையை ஏற்றிவிட்டால் பள்ளி, அலுவலகம், படகு, கடை, கேளிக்கைப் பூங்கா எல்லாம் பெரும்பாலும் அடைத்துக்கொள்கின்றன. தந்தையும் மகனும் போகலாமா வேண்டாமா என்று வாதிட இடமே இல்லை. தமிழருக்கு இந்த எண் முறை புதிதன்று. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, 1 முதல் 11 வரை, இன்றைக்கும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. ரஜுலா கப்பலேறி நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் கிள்ளானுக்கும் வந்த நம் பாட்டன்மார்கள் அந்தக் கூண்டைப் பார்த்துக் கப்பல் கிளம்புமா கிளம்பாதா என்று தெரிந்துகொண்டவர்கள். கூண்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை நெருங்கிய பாம்பன் இரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளோடு கடலால் அடித்துச் செல்லப்பட்ட கதையைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அந்த இரயிலில் இருந்தவர்கள் யாரும் அசட்டுத் துணிச்சல்காரர்கள் அல்லர். சீட்டு வாங்கினார்கள், வண்டி புறப்பட்டது, ஏறினார்கள். நிறுத்த வேண்டியவர்கள் நிறுத்தவில்லை.

நம்மிடம் எச்சரிக்கை முறை இல்லாமற் போகவில்லை. மலேசிய வானிலை ஆய்வுத் துறை, தொடர்மழைக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் மாவட்ட வாரியாக எச்சரிக்கை விடுக்கிறது. வெப்பமண்டலப் புயல் நெருங்கினால் தனி அறிவிப்பு. வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் நீர்மட்டத்தை மணிக்கு மணி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. இவை யாவும் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இந்த அறிவிப்புகளுக்கும் நம் சட்டைப்பையிலுள்ள சீட்டுக்கும் எவ்விதச் சம்பந்தமும் கிடையாது. அரசாங்கம் சிவப்பு என்கிறது. சீட்டு ‘தேதி மாற்றக்கூடாது’ என்கிறது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு குடும்பத் தலைவர் விழிக்கிறார்.

சட்டம் ஏதும் உதவாதா என்று கேட்பவர்களுக்கு: ஒப்பந்தமே நிறைவேற்ற முடியாமற் போய்விட்டால் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தில் வழியுண்டு, பயனீட்டாளர் உரிமைக்கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட்வரையிலான வழக்குகளை வழக்கறிஞரின்றியே விசாரிக்கிறது. பூங்கா கதவை அடைத்துவிட்டால் இவற்றால் பிரயோஜனம் உண்டு. ஆனால் பூங்கா திறந்திருக்கிறது, சாலைதான் மூடியிருக்கிறது. அல்லது சாலையும் திறந்திருக்கிறது, போனால் திரும்புவோமா என்பதுதான் சந்தேகம். இத்தகைய நிலைமையில் வாங்கியவன் தன்னிஷ்டமாக வராமலிருந்தான் என்றே சட்டம் கருத இடமுண்டு. விவேகமாக நடந்துகொண்டவன் நஷ்டப்படுகிறான்.

ஆகவே என் யோசனை சுருக்கமானது. புயல் அறிவிப்போ, செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறத் தொடர்மழை எச்சரிக்கையோ, பூங்கா இருக்கும் மாவட்டத்துக்காயினும் சீட்டு வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்துக்காயினும், குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னிருந்து நடைமுறையில் இருக்குமானால், அந்தச் சீட்டின் தேதியை அபராதமின்றி ஒருமுறை மாற்றித் தரவேண்டும் என்பதைச் சுற்றுலா அமைச்சு உரிம நிபந்தனையாகவே விதிக்கவேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. பணம் பூங்காவிடமே இருக்கட்டும். தேதி மட்டும் நகரட்டும். விடுதி அறைகளுக்கும் இதே விதி.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்கள் எனக்குத் தெரியாதவையல்ல. நம் ஊரில் இடிமழை எச்சரிக்கை ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் வருகிறதே, அதற்கெல்லாம் சீட்டை மாற்றிக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும் என்பார்கள். நியாயமான கேள்வி, அதனால்தான் சில மணி நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் இடிமழை அறிவிப்பையும், மஞ்சள் நிறத்தையும் நான் சேர்க்கவில்லை. இரண்டாவது ஆட்சேபம் கூர்மையானது: எச்சரிக்கை வந்து புயல் வராமற் போனால்? ‘சென்யார்’ நாளில் கோலாலம்பூரில் அப்படித்தானே ஆயிற்று என்று வீட்டிலிருந்தவர்கள் பலர் மறுநாள் முணுமுணுத்திருப்பார்கள். இந்த முணுமுணுப்புதான் நான் முன்பு குறிப்பிட்ட சிக்கல். புயலின் பாதையை முன்கூட்டிச் சொல்வது ஜோதிடமன்று, ஆனால் துல்லியமும் அன்று. பத்துமுறை எச்சரித்தால் சிலமுறை தவறும். ஒவ்வொரு தவறுதலுக்கும் குடும்பம் தன் பணத்தை இழந்தால், நான்காவது முறை எச்சரிக்கையை அது மதிக்காது. தேதி நகரக்கூடியதாக இருந்தாலோ, வீணான எச்சரிக்கையால் அதற்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அடுத்தமுறையும் மதிக்கும். எச்சரிக்கையின் மரியாதையைக் காப்பதற்கே இந்த விதி வேண்டும் என்று வானிலைத் துறையினரே கேட்கவேண்டும் என்பது என் எண்ணம்.

விதி வரும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. நான் அறிந்த விவேகமான குடும்பங்கள் திட்டத்தை ரத்து செய்வதில்லை, திசை மாற்றுகின்றன. மலைக்குப் போகவிருந்த நாளில் மலையை விட்டுவிட்டு, இரயிலில் போய்வரக்கூடிய இடத்தைத் தேர்ந்துகொள்கின்றன. பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தை ஏரியாகவும் நீர்ச்சறுக்காகவும் மாற்றி 1993இல் திறந்த சன்வே லகூன், கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் ஒரே இரயில் தடத்தில், செத்தியா ஜெயா நிலையத்தில் இறங்கி மேம்பாலப் பேருந்து மாறினால் எட்டக்கூடியது. ஆயினும் அதுவும் திறந்தவெளிதான், மின்னலுக்கு ஆகாது. அடைமழை நாளுக்கு மாநகரின் நடுவே பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் கட்டடத்துக்குள் கூரையின்கீழ் இயங்கும் விளையாட்டுப் பூங்கா உண்டு, மோனோரயிலில் போய்விடலாம். பிள்ளைகளுக்கு வேண்டியது கூச்சலும் வேகமும் ஐஸ்கிரீமும். மலை உச்சியா, மாநகரக் கட்டடமா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

முடிவெடுக்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புறப்படும் காலையில், வேன் வாசலில் உறுமிக்கொண்டிருக்க, பிள்ளைகள் காலணி மாட்டிக்கொண்டு நிற்க, வெயிலடிக்கும் வானத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு எப்போதும் ‘போகலாம்’ என்றே இருக்கும். முந்தைய நாள் மாலையில், எச்சரிக்கையின் நிறத்தையும் ஆற்றின் மட்டத்தையும், கிள்ளான்காரராயின் மறுநாள் மாலை அலையேற்ற நேரத்தையும் பார்த்து, வீட்டின் மூத்தவர் ஒருவர் சொல்வதே கடைசி வார்த்தை என்று வைத்துக்கொள்வது நலம். வேன் ஓட்டுநரையும் கேளுங்கள். வாரத்துக்குப் பலமுறை அந்த மலைப்பாதையில் ஏறி இறங்குகிற மனிதர், ‘அண்ணே, இன்னிக்கு வேணாம், முன்பணத்தை அடுத்த மாசத்துக்கு வச்சுக்குவோம்’ என்று சொன்னால், அவர் தம் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார். அதைவிட நம்பத்தக்க வானிலை அறிக்கை கிடைப்பது துர்லபம். பூங்காக்கள் எழுத மறுக்கும் விதியை இந்தத் தனி மனிதர்களிற் பலர் எழுதாமலே அனுஷ்டிக்கிறார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும்.

2026ஆம் ஆண்டு ‘மலேசியாவுக்கு வருகை தாரீர்’ ஆண்டென்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. பெருந்தொற்றால் இடம் பெயர்ந்திருந்த பள்ளியாண்டும் இவ்வாண்டு முதல் மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டது. ஆகவே நீண்ட விடுமுறை பழையபடி ஆண்டிறுதியில், வடகிழக்குப் பருவக்காற்றின் நடுவே வந்து அமர்கிறது. வெளிநாட்டு விருந்தினரும் உள்நாட்டுக் குடும்பங்களும் ஒரே மலைப்பாதையில் நெருக்கியடித்து ஏறப்போகும் டிசம்பர் இது. சுற்றுலா அமைச்சும், கேளிக்கைப் பூங்காக்களின் சங்கமும், வானிலை ஆய்வுத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இந்த விதியை எழுதி முடிக்க ஒரு பிற்பகல் போதும். நவம்பர் பிறப்பதற்குள் அதைச் செய்யவேண்டும். வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்தமுறை சீட்டு வாங்குமுன், சிவப்பு எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, அதற்கு வரும் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரமாட்டோம் என்று சொல்கிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.